டார்டோ பெந்தான்கூர் செத்து, மணமுடித்து, பிள்ளை பெற்ற காலை

எங்கள் சான் ஹெர்மான் ஊரில் டார்டோ பெந்தான்கூர் என்றொரு மனிதர் ஒரே காலையில், மாத்தே என்னும் இலைத் தேநீருக்காகக் கெட்டிலில் வைத்த வெந்நீர் ஆறுவதற்குள், செத்துப்போனார். கல்யாணம் செய்துகொண்டார், அதுவும் தன்னைத்தானே. மூன்றரைக் கிலோ எடையில் ஒரு பெண்குழந்தையைப் பெற்றார். தையல் மெஷின் ஒன்றை விற்பனைக்கு வைத்தார். கோபத்தை மறந்து வீட்டுக்கு வந்துவிடச் சொல்லித் தன் அம்மாவிடமிருந்து தானே செய்தியும் வாங்கிக்கொண்டார். அந்த அம்மாவின் பெயரும் டார்டோ பெந்தான்கூர்தான். நம்பாதவர்கள் க்வெகுவாய் ஆற்றங்கரைத் தவளைகளைக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அதுகளும் வாயை மூடிக்கொண்டு ரேடியோதான் கேட்டன. ஊர் கேட்டது, மாவட்டம் கேட்டது, மேய்ச்சல் நிலத்து மாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டன. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் டார்டோ பெந்தான்கூர்.

இந்தக் காரியத்தைச் செய்தவன் எடிசன் தெச்செரா. நாற்பது வயது. தலைநகர் மொந்தேவிதேயோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து அலுத்து, ஊருக்கே திரும்பி வந்தவன். ஆள் தங்கமானவன், வாய்தான் ஆளைவிட இரண்டு சுற்றுப் பெரிது. ஊர் எல்லையில் அவன் பேச ஆரம்பித்தால் நடுத்தெருவில் துணி காய்ந்துவிடும்.

அந்த வருஷம் எல் ஓர்னேரோ வானொலியில் நெலிதா பிந்தோஸுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. காலை ஏழு மணி அறிவிப்புகளை எந்தக் காலத்திலிருந்தோ வாசித்து வந்தவள் நெலிதா. செல்போன் சிக்னல் எட்டாத பண்ணைகளில் இருப்பவர்களுக்கு அந்த அறிவிப்புகள்தான் தபால், தந்தி, எல்லாம். இன்னார் காலமானார், இன்னாருக்கு மகள் பிறந்தாள், இன்னார் ஆற்றுப்பாலத்துக்குக் குதிரையோடு வந்து காத்திருக்கவும் என்று அவள் குரல் சொன்னால்தான் மாவட்டம் எழுந்து முகம் கழுவும். அவளை டாக்டர் வசந்தகாலம் வரை பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். கிசுகிசுக்கலாம், அவ்வளவுதான். அவளுக்கு அது தூக்குத்தண்டனைக்குச் சமம்.

அங்கேதான் எடிசன் நுழைந்தான்.

"அக்கா, இனி நீங்க வாயே திறக்க வேண்டாம். வர்ற அறிவிப்பையெல்லாம் ஒரு மரமா அடுக்கிடறேன். மேல வேர், கீழ கிளை. ஒரு அறிவிப்புக்கு ஒரு கிளை. கிளைக்குள்ள பேரு, ஊரு, நேரம்னு இலை இலையா இருக்கும். என் புரோகிராம் கிளை கிளையா இறங்கி, வேணுங்கற இலையைப் பறிச்சு, வாக்கியமா கோத்து, கம்ப்யூட்டர் குரல்ல வாசிச்சிடும்."

"மரம் தலைகீழாவா நிக்குது?" என்று நெலிதா கிசுகிசுத்தாள்.

"எக்ஸ்எம்எல்னு கம்ப்யூட்டர்ல தகவலை அடுக்கற முறை, அதுல அப்படித்தான் அக்கா. வேர் மேலதான்."

"அதுலேருந்து விழறவன் எந்தப் பக்கம் விழுவான்?"

"நான் எழுதினதுல எவனும் விழமாட்டான். ஆயிரம் கிளை இருந்தாலும் நீங்க ஒரு மடக்கு மாத்தே உறிஞ்சறதுக்குள்ள கேட்ட இலையைக் கொண்டாந்து நிறுத்துவேன்."

நெலிதா மாத்தேயை ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரோகிராமைச் சோதிக்க ஓர் அறிவிப்பு வேண்டுமல்லவா. முதல் நாள்தான் டார்டோ பெந்தான்கூர் வந்து, தன் சாம்பல் நிறப் பெண்குதிரை வேலி தாண்டிப் போய்விட்டதாகவும், நெற்றியில் வெள்ளைத் திட்டு இருக்கும் என்றும், பார்த்தவர்கள் சொல்லும்படியும் கேட்டுவிட்டுப் போயிருந்தார். எடிசன் அதை மரத்தின் முதல் கிளையாக நட்டான். ஓட்டிப் பார்த்தான். மாட்ரிட் சீமாட்டிபோல ஒரு கம்ப்யூட்டர் குரல், "அறிவிப்பவர், டார்டோ பெந்தான்கூர்" என்று ஆரம்பித்துக் குதிரையின் அங்க லட்சணங்களைச் சொல்லி முடித்தது. இன்னொரு முறை ஓட்டினான், மறுபடியும் டார்டோ பெந்தான்கூர். எத்தனை முறை ஓட்டினாலும் பிசகே இல்லை. ஒரே ஒரு கிளை உள்ள மரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் அதே இலைதானே கிடைக்கும். இது அப்போது எடிசனுக்குத் தோன்றவில்லை. ஊரைக் கூட்டிச் சொல்லலாம் என்பதுதான் தோன்றியது.

மறுநாள் ஏழு மணிக்கு வேறு எவனாவது என்றால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கண்காணித்திருப்பான். எடிசன் வந்திருந்த மற்ற அறிவிப்புகளையும் மரத்தில் அடுக்கி, எந்திரத்தை முடுக்கிவிட்டு, கதவைப் பூட்டி, சதுக்கத்தைத் தாண்டி எதிரே இருந்த பாருக்குப் போனான். பாராட்டை நேரில் வாங்க வேண்டாமா. பாரில் வழக்கமான காலைக் கூட்டம். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டச் சொல்லிவிட்டு, சாவியை மேஜைமேல் போட்டு, கல்யாண மாப்பிள்ளைபோல உட்கார்ந்தான்.

சீமாட்டி குதிரையைச் சொன்னாள். பாரில் ஒரு மெச்சல் எழுந்தது. "தெளிவா இருக்குடா எடிசன். ஸ்பெயின் ராணியே நம்ம குதிரையைத் தேடற மாதிரி இருக்கு."

அடுத்து அவள் குரலில் இம்மி மாற்றமும் இல்லாமல், "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். டார்டோ பெந்தான்கூர் தன் தொண்ணூறாவது வயதில் காலமானார். நல்லடக்கம் இன்று மாலை" என்றாள்.

பார் எழுந்து நின்றது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். "நேத்துக்கூட குதிரையைத் தேடிட்டு இருந்தாரே" என்றார் இன்னொருவர். "தொண்ணூறு ஆயிடுச்சா அவருக்கு? மறைச்சுட்டாரே மனுஷன்."

எடிசனுக்கு நடப்பது புரியும் முன்னே டார்டோ பெந்தான்கூருக்கும் டார்டோ பெந்தான்கூருக்கும் வரும் சனிக்கிழமை திருமணம் என்றாள் சீமாட்டி. டார்டோ பெந்தான்கூருக்குச் சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம் என்றாள். தொப்பியைக் கழற்றியவர் அதைத் திரும்பப் போட்டுக்கொண்டார், பிறகு மறுபடியும் கழற்றினார். பாரே திரும்பி எடிசனைப் பார்த்தது.

அவன் ஓடினான். சதுக்கத்தில் புறாக்கள் சிதறின. கதவைத் தொட்டபோதுதான் சாவி பார் மேஜையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடினான். பாரில் ஒருவன் சாவியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாருக்கு வேணும்? பேரு டார்டோ பெந்தான்கூரா இருந்தாத்தான் குடுப்பேன்" என்றான். பிடுங்கிக்கொண்டு மறுபடியும் ஓடினான். கடைசியில் அவன் கம்ப்யூட்டர் குரல் போகும் வயரைப் பிடுங்கிய நேரத்தில் சீமாட்டி எல்லோருக்கும் இனிய காலை வணக்கம் சொல்லி முடித்திருந்தாள்.

தப்பு எங்கே என்று அவன் தேடவேண்டியிருக்கவில்லை. திரையைப் பார்த்த மாத்திரத்தில் அது அவன் மூஞ்சியில் அறைந்தது. மரண அறிவிப்பில் பெயர் ஓர் ஆழத்தில் இருக்கும், கல்யாணத்தில் இன்னோர் ஆழத்தில். அதனால் 'எத்தனை ஆழத்தில் இருந்தாலும் பெயரைத் தேடிக் கொண்டுவா' என்று புரோகிராமுக்கு எழுதியிருந்தான். அந்த உத்தரவுக்கு ஒரு குணம் உண்டு. எந்தக் கிளையில் நின்றுகொண்டு அதைச் சொன்னாலும், 'நான் நிற்கிற இடத்திலிருந்து தேடு' என்று சேர்த்துச் சொல்லாவிட்டால், அது மரத்தின் உச்சி வேருக்கு ஓடிப்போய் அங்கிருந்து ஆரம்பிக்கும். முதலில் கண்ணில் பட்ட பெயரைக் கவ்விக்கொண்டு வரும். முதல் கிளையில் குதிரையைத் தொலைத்த டார்டோ இருந்தார். அதனால் பிறந்தவர், செத்தவர், விற்றவர், மணந்தவர் எல்லோரும் டார்டோ ஆனார்கள். மொந்தேவிதேயோவில் புதுப் பையன்கள் இதே தப்பைச் செய்தபோது விழுந்து விழுந்து சிரித்தவன் எடிசன். இப்போது அவன் காது மடல்களில் ரொட்டி சுடலாம் போலிருந்தது.

மைக்கை எடுத்துத் தன் குரலிலேயே திருத்தம் வாசித்தான். யார் கேட்டார்கள்? அறிவிப்பு முடிந்ததும் ரேடியோவை அணைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். எல்லோரும் அணைத்துவிட்டுக் கறுப்புச் சட்டையைத் தேடப் போயிருந்தார்கள்.

நெலிதா வீட்டுச் செருப்போடு வந்து நின்றாள். கிசுகிசுப்பில் அவளைப்போல் யாராலும் திட்ட முடியாது. "நெஜமா காலமானது ஒர்ஃபிலியா அம்மா. முதல்ல அவ மககிட்ட போ. அப்புறம் டார்டோ வீட்டுக்கு."

"போன் பண்ணிச் சொல்லிடட்டுமா அக்கா?"

"மாவட்டமே கேக்கத் தப்பாச் சொன்னே. மன்னிப்பை மட்டும் காதோட சொல்லப் போறியா? நேர்ல போ."

ஒர்ஃபிலியா அம்மையாரின் மகள் கதவைத் திறந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். கத்தவில்லை. "எங்கம்மா ஆயுசு பூரா எல்லா வரிசையிலயும் கடைசியாத்தான் நின்னா. இன்னிக்கு ஒருநாள் ஊரே அவ பேரைக் கேட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தபடி எடிசன் நடந்தான். நடக்க நடக்க அவன் குள்ளமாகிக்கொண்டே போனான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். யூகலிப்டஸ் வரிசையைத் தாண்டும்போது தொப்பி மட்டும்தான் தெரிந்ததாம்.

டார்டோவின் வீடு ஊருக்கு வெளியே, தனியாக இருந்தது. மனைவி போன பிறகு அவரும் குதிரையும்தான். எடிசன் போய்ச் சேர்வதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. மலர் வளையங்களோடு சிலர், பீச் பழமும் முட்டை வெண்கரு நுரையும் வைத்த சஹா கேக்கோடு சிலர். ஒருத்தி குழந்தைக்குக் கம்பளிக் காலுறை பின்னி வந்திருந்தாள். எப்போது பின்னினாள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். தையல் மெஷினைப் பார்க்கவேண்டும் என்று ஒருவர் வேலியோரம் நின்றார். வீடு திறந்து கிடந்தது. ஆளைக் காணோம்.

எடிசன் வாசற்படியில் ஏறி, பெரியவர்களுக்குப் போடும் 'தோன்' மரியாதையோடு ஆரம்பித்தான். "தோன் டார்டோ சாகல. அது என் புரோகிராம்ல வந்த தப்பு. என் தப்பு."

"சாகலைன்னா எங்க இருக்காரு?"

"தெரியல."

"குதிரையும் இல்ல, ஆளும் இல்ல. தம்பி, உனக்கு அதிர்ச்சி. உக்காரு, சூடா ஒரு மாத்தே குடி."

"இல்லீங்க, நான்தான் அவரைக் கொன்னுட்டேன். ரேடியோல."

"அப்படியெல்லாம் உன்னையே பழிச்சுக்கக் கூடாது" என்று ஒரு பெண்மணி அவனைக் கட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவர் கட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் வந்தவர்கள் எல்லோரும் துக்க வீட்டுச் சொந்தக்காரன் அவன்தான் என்று முடிவு கட்டி, வரிசையில் நின்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தட்டும் ஒவ்வோர் அறையாக அவன்மேல் விழுந்தது.

அப்போதுதான் கிச்சோன் ஊரிலிருந்து ஒரு பழைய லாரி வந்து நின்றது. அதிலிருந்து கறுப்புக் கோட்டில் ஒரு கிழவர் இறங்கினார். அவர் டார்டோவின் தம்பி ரமோன்.

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி எத்தனை காலம் என்று ஊரில் யாருக்கும் கணக்குத் தெரியாது. காரணம் மட்டும் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். கிளப்பின் த்ருக்கோ சீட்டாட்டப் போட்டி, கடைசி ஆட்டம், இருவரும் ஒரே கட்சி. கூட்டாளிக்குக் கண்ஜாடை, வாய்ஜாடை காட்டுவது அந்த ஆட்டத்தில் முறை. வாள் ஆசு, அதாவது எல்லாவற்றையும் வெட்டும் சீட்டு, கையில் இருந்தால் புருவத்தைத் தூக்க வேண்டும். தூக்கினேன் என்றார் ரமோன். தூக்கவில்லை என்றார் டார்டோ. ஆட்டம் போனது, கோப்பை போனது, உறவும் அதோடு போனது.

எடிசன் அவரை எதிர்கொண்டான். "தோன் ரமோன், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தான். கிழவரின் முகம் முழுக்க ஈரம். ரமோன் அவனை விலக்கிவிட்டு உள்ளே போனார். அடுக்களையில் டார்டோவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எடிசன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"தூக்கினேன் அண்ணே" என்றார் ரமோன் நாற்காலியைப் பார்த்து. "ஆனா மயிரிழைதான் தூக்கினேன். எதிராளி பாத்துடுவான்னு பயம். நீ பாக்கலைங்கறதும் நெஜந்தான். நான் தூக்கினேங்கறதும் நெஜந்தான். இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம். நீ முதல்ல வந்து பேசட்டும்னு இருந்துட்டேன்."

இந்த இடத்தில் எடிசன் குறுக்கிட்டிருக்க வேண்டும், பேச்சு தொடங்கும் முன்பே குறுக்கிட்டிருக்க வேண்டும். ஒரு மனிதர் செத்தவனிடம் மட்டுமே சொல்லக்கூடியதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், செத்தவனோ சாகவில்லை, அங்கே அது தெரிந்த ஒரே ஆள் வாயில் பூட்டுப் போட்டதுபோல் நிற்கிறான். பார் அவனைக் கேலி செய்தது, ஒர்ஃபிலியாவின் மகள் கதவைச் சாத்தியது எல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. யாருடைய வீட்டுப் பெட்டியையோ திறந்து பார்த்துவிட்டவன்போல் நின்றான்.

"தோன் ரமோன்" என்றான் கடைசியில், தனக்கே கேட்காத குரலில். "உங்க அண்ணன் உயிரோட..."

கொல்லைப்பக்கம் குளம்புச் சத்தம் கேட்டது.

பின்வாசலில் டார்டோ நின்றார், முழங்கால் வரை சேறு, கையில் சாம்பல் குதிரையின் கயிறு. ஆற்றோரம் குதிரையைப் பார்த்ததாக யாரோ சொல்லி, விடியும் முன்பே போயிருக்கிறார். முற்றத்துக் கூட்டத்தைப் பார்த்தார், மலர் வளையத்தைப் பார்த்தார், கேக்குகளைப் பார்த்தார்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

எடிசன்தான் சொன்னான். "நீங்கதான், தோன் டார்டோ." பிறகு அணை உடைந்ததுபோல் எல்லாவற்றையும் கொட்டினான். மரம், கிளை, வேர், சீமாட்டி. "எல்லாம் என் தப்பு. மன்னிச்சிடுங்க."

டார்டோ அவனைக் கவனிக்கவே இல்லை. அவர் பார்வை கறுப்புக் கோட்டின்மேல் இருந்தது. ரமோன் எழுந்து நின்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தொப்பியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார். பிணத்தைப் பார்க்க வந்த இடத்தில் பிடிபட்டுவிட்ட வெட்கம். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் லாரியில் ஏறியிருப்பார்.

"ரேடியோவா? எந்த ரேடியோ?" என்றார் டார்டோ நிதானமாக. "அப்படி எதுவும் நடக்கல. என் தம்பி என்னைப் பாக்க வந்திருக்கான், அவ்வளவுதான். யாராவது அடுப்புல தண்ணி வைங்க. அந்த கேக்கை எதுக்குக் கையில பிடிச்சுட்டு நிக்கிறீங்க, வெட்டுங்க."

ரமோனின் கை தொப்பியைத் தேடுவதை நிறுத்தியது.

அன்றிலிருந்து டார்டோ அந்தச் சொல்லிலிருந்து இறங்கவே இல்லை. அவர் சாவு அறிவிக்கப்படவில்லை, யாரும் மலர் வளையம் கொண்டுவரவில்லை, கேக் அவர் தம்பி வந்ததற்காக வெட்டியது. யார் கேட்டாலும் இதே பதில். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது, சிரிப்பெல்லாம் எடிசன் தலையில் விடிந்தது. ரொட்டிக்கடையில், "யார் பேருக்குக் கட்டறது, டார்டோ பேருக்கா?" என்றார்கள். பிள்ளையில்லாத ஒருவன், "எனக்கும் ஒண்ணு பெத்துக் குடு எடிசன், மரத்துல ஏறி" என்றான். இதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது வேறு. டார்டோவைப் பார்க்கிற இடத்திலெல்லாம், பெட்ரோல் பங்கில், சதுக்கத்தில், மழையில் தோர்த்தா ஃப்ரித்தா என்னும் பொரித்த ரொட்டி வாங்குகிற வரிசையில், மன்னிப்புக் கேட்டான். கிழவர் ஒவ்வொரு முறையும் அன்பாகவே சொன்னார்:

"நடக்காததுக்கு எதுக்குத் தம்பி மன்னிப்பு?"

கடன் கொடுத்தவன் கதவைத் திறக்காத வீட்டு வாசலில் பணத்தோடு நிற்பவன் மாதிரி ஆனது அவன் நிலைமை. இறக்கி வைக்க இடமில்லாத வெட்கத்தைச் சுமந்துகொண்டே திரிந்தான். ஏன் இறக்க விடவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அந்தக் காலையை டார்டோ ஒப்புக்கொண்டால், தம்பி வந்தது பிணத்தைப் பார்க்க என்றாகும். அவ்வளவு தெரிந்தும் தன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தான், அதுவும் ஒரு வெட்கம்.

புரோகிராமைத் திருத்தினான். 'நிற்கிற இடத்திலிருந்து' என்பதைச் சேர்த்தான். ஆனாலும் சீமாட்டியை மறுபடி பேசவிடவில்லை. ஒவ்வொரு காலையும் மரம் கொண்டுவந்து கொடுத்த பெயரைக் கண்ணால் பார்த்து, கிளையோடு ஒப்பிட்டு, தன் வாயாலேயே வாசித்தான். ஒர்ஃபிலியா அம்மையாரின் நினைவுத் திருப்பலி வந்தபோது அதை எல்லாவற்றுக்கும் முதலில் வாசித்தான். வாய் சிறுத்துவிட்டது. இப்போதெல்லாம் அவன் பேசினால் ஒரு கைக்குட்டைகூடக் காயாது.

வசந்தம் வந்து நெலிதாவுக்குக் குரல் திரும்பியது. சேர்த்து வைத்ததையெல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு காலையில் டார்டோ வானொலி நிலையத்துக்குள் வந்தார். வாசலில் சாம்பல் குதிரை.

"ஒரு அறிவிப்பு" என்றார். "கிச்சோன்ல ரமோன் பெந்தான்கூருக்கு."

எடிசன் விசைப்பலகையை இழுத்தான். "சொல்லுங்க தோன் டார்டோ."

"கிளப்புல மறுபடி த்ருக்கோ போட்டி. ஞாயித்துக்கிழமை வந்துடு. நீயும் நானும் ஒரே கட்சி. இந்தத் தடவை புருவத்தைத் தொப்பி வரைக்கும் தூக்கு."

எடிசன் அடித்து முடித்தான். தலையை நிமிர்த்தாமல், பழக்கதோஷத்தில், எல்லோரையும் கேட்பதைக் கேட்டான். "அனுப்புறவங்க பேரு?"

"என் பேரா?" என்றார் டார்டோ. "அதைத்தான் நீ மாவட்டம் பூரா ஆளுக்கொண்ணா பங்கு போட்டுக் குடுத்துட்டியே. மிச்சம் ஏதாவது இருந்தாப் போட்டுக்க."

எடிசனின் விரல்கள் அப்படியே நின்றன. நெலிதா பேச்சை நிறுத்தினாள், டாக்டர் சொல்லாமலேயே.

"அப்ப..." என்றான் எடிசன்.

"போன வாரம் ரமோன் வந்திருந்தான். சிரிச்சுக்கிட்டே அவனே சொன்னான். 'அண்ணே, உன்னைப் புதைக்கத்தான் அன்னிக்குக் கோட்டு மாட்டிட்டு வந்தேன், நீ கேக்கு வெட்டிட்டே'ன்னான். அவனே சொன்னப்புறம் நான் யாருக்காக மறைக்கணும்?" கிழவர் பெரேத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டினார். "இத்தனை நாளா நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்டுட்டே இருந்தியே. இப்பக் கேளு."

எடிசன் கேட்டான். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. டார்டோவுக்கு அது போதுமானதாக இருந்தது. தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு கதவு வரை போனவர், அங்கேயே நின்று திரும்பினார்.

"அந்தப் புள்ளை என்னோடது இல்ல, தையல் மெஷினும் என்னோடது இல்ல. மத்தபடி நடந்துச்சுதான் தம்பி. எல்லாம் நடந்துச்சு."